தன்மையிலிருந்து படர்க்கைக்கு: உளச்சிகிச்சையிலும் தொழில்சார் மீள்நோக்கிலும் படைப்பெழுத்து

முன்னுரை

துன்பத்தை எழுதினால் மனப்பாரம் குறையும் என்பது பரவலான நம்பிக்கை. அடக்கி வைத்த உணர்வு வெளியேறுவதே அதற்குக் காரணம் என்ற விளக்கமும் உடன் வழங்குகிறது. கடந்த நாற்பதாண்டு ஆய்வுகளை நோக்க, இவ்விளக்கம் போதுமானதாகத் தோன்றவில்லை. எழுதுபவர் எந்த இடத்தில் நின்று தம் அனுபவத்தைக் கூறுகிறார், அவ்விடத்தை அவரால் மாற்ற இயல்கிறதா என்பதே நோயுற்றோர் எழுத்துக்கும், மருத்துவர், செவிலியர், ஆசிரியர் போன்றோர் தம் பணியை மீள்நோக்கி எழுதும் எழுத்துக்கும் பொதுவான அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருத்து. 'இடம்' என்பது இங்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இலக்கணப் பொருளிலேயே ஆளப்படுகிறது.

உணர்வும் நிகழ்வும்

1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாந்திரா பீல் ஆகியோர் அமெரிக்காவில் 46 கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் செய்தனர். ஒரு குழுவினர் தம் வாழ்வின் அதிர்ச்சி நிகழ்வைப் பற்றிய செய்திகளை மட்டும் எழுதினர். மற்றொரு குழுவினர் உணர்வுகளை மட்டும், மூன்றாம் குழுவினர் இரண்டையும் சேர்த்து, நான்காம் குழுவினர் அற்பச் செய்திகளை எழுதினர். இரண்டையும் இணைத்து எழுதியோர் எழுதி முடித்தவுடன் மனம் வாடினர். ஆயினும் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவ நிலையத்தை அவர்கள் நாடியது குறைந்தது. உணர்வை மட்டும் எழுதியோரிடம் இப்பயன் இவ்வளவு தெளிவாகப் புலப்படவில்லை.

1999இல் ஜோசுவா ஸ்மைத் குழுவினர் ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகளிடம் இம்முறையைச் சோதித்தனர். நான்கு மாதங்களுக்குப்பின் துன்ப அனுபவத்தை எழுதியோரில் 47 விழுக்காட்டினரும், ஒப்பீட்டுக் குழுவில் 24 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் பெற்றிருந்தனர். இவ்வெண்களைக் கொண்டு எழுத்தை மருந்தாகவே கொண்டாடுவது மிகை. 146 ஆய்வுகளைத் தொகுத்து ஃபிரட்டரோலி 2006இல் வெளியிட்ட மதிப்பீட்டில் பயன் உண்டு எனினும் அளவில் சிறிதே எனத் தெரியவந்தது.

பயன் பெறுவோர் யார் என்னும் வினாவே இலக்கிய மாணவருக்கு முதன்மையானது. ஷெர்லாக் கேம்ப்பெல், பென்னிபேக்கர் ஆகியோர் 2003இல் முந்தைய ஆய்வுகளின் எழுத்துகளை மறுபடியும் ஆராய்ந்தனர். நாள்தோறும் மூவிடப்பெயர்களின் ஆட்சியை மாற்றி மாற்றி எழுதியோரே பின்னர் மருத்துவரை நாடுவது குறைந்தவர்களாக இருந்தனர். 'நான்' என்றே தொடங்கி 'நான்' என்றே நான்கு நாளும் எழுதுவது ஒரே சன்னலில் நின்று தெருவைப் பார்ப்பது போன்றது.

பணியாளரின் எழுத்து

தொழிலறிவு செயலுக்குள்ளேயே நிகழும் சிந்தனையால் வளர்வது என்பதை டொனால்ட் ஷோன் 1983இல் நிறுவ முயன்றார். அச்சிந்தனைக்குப் படைப்பெழுத்தைக் கருவியாக்கியவருள் இங்கிலாந்தின் கில்லி போல்ட்டன் குறிப்பிடத்தக்கவர். முதலில் ஆறு நிமிடம் கை நிறுத்தாமல் எழுதுதல், பின் பணியில் நேர்ந்த ஒரு நிகழ்வைக் கதையாக்கல், அதனைச் சிறு குழுவில் பகிர்தல், இறுதியாக அதே நிகழ்வை நோயாளியின் கூற்றாகவோ பிறர் கூற்றாகவோ திரும்ப எழுதுதல் என்பது அவர் முறை. இவற்றுள் கடைசிப் படியே கடினமானது. பலன் தருவதும் அதுவே.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ரீட்டா ஷரோன் தம் மருத்துவ மாணவரிடம் 'இணைப்பதிவேடு' ஒன்றை எழுதச் சொன்னார். நோயாளியைக் காணும்போது இறந்த தன் பாட்டனார் நினைவுக்கு வந்தால் மருத்துவமனைப் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் எங்கேனும் அது எழுதப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. மாணவர் எழுதியதைக் குழுவில் வாசிக்கும்போது அவர் கவனித்தது எழுத்தின் வடிவம், காலம், கூற்று ஆகியவற்றையே. இலக்கியத் திறனாய்வு இங்கு நேரடியாகப் பணி செய்கிறது.

இவ்விடத்தில் அகப்பாடல்களின் கூற்று மரபு தமிழாய்வாளரின் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் அப்பாடல்களைச் சிகிச்சை எழுத்தின் முன்னோடி என்பது பொருந்தாது. புலவர் தம் சொந்தத் துயரை ஆற்றிக்கொள்ள அவற்றைப் பாடினர் என்பதற்குச் சான்றில்லை.

எழுத்தும் சான்றும்

பிரித்தானியாவில் பயிற்சி மருத்துவர் தம் பிழைகளை மீள்நோக்கி எழுதிப் பதிவு செய்வது பயிற்சியின் பகுதி. 2018இல் ஒரு மருத்துவர்மீதான வழக்கையொட்டி, இக்குறிப்புகள் தமக்கெதிராகவே சான்றாகலாம் என்ற அச்சம் பரவியது. விசாரணைக்காக இவற்றைக் கேட்பதில்லை என மருத்துவப் பேரவை அறிவித்தது; எனினும் நீதிமன்றம் கேட்கத் தடையில்லை. இந்நிலையில் பணியாளர் எழுதுவது மீள்நோக்காகாது, தற்காப்பாகவே அமையும். மதிப்பெண்ணுக்கும் மேற்பார்வைக்கும் உரிய குறிப்பையும், குழுவுக்குள் மட்டும் வாசிக்கப்படும் படைப்பையும் பிரித்து வைப்பதே தக்கது. நோயாளியின் அடையாளத்தை மறைக்கும் கடமை இரண்டிற்கும் உண்டு.

தமிழில் கூற்றுநிலை

ஆங்கில எழுத்தில் மூவிடப்பெயர்களை எண்ணினாலே இடமாற்றம் புலப்பட்டுவிடும். தமிழில் அவ்வாறன்று. 'மருந்து கொடுத்தேன்' என்பதில் பெயர் தோன்றாமலே வினைமுற்று விகுதி தன்மையை உணர்த்துகிறது. 'மருந்து கொடுக்கப்பட்டது' என எழுதும்போது கொடுத்தவர் மறைந்துவிடுகிறார். பதிவேட்டு நடைக்குப் பழகிய கைக்கு இவ்வடிவமே முதலில் வருகிறது. 'நாங்கள் முடிவெடுத்தோம்' என்பதில் நோயாளி வெளியே நிற்கிறார். 'நாம் முடிவெடுத்தோம்' என்று அவரிடம் கூறும்போது அவரும் உள்ளே வருகிறார். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல். 'எட்டாம் எண் படுக்கை' என்று தொடங்கிய குறிப்பு, மறுமுறை எழுதப்படும்போது 'அவன்' என்றோ 'அவர்' என்றோ மாறுவதும் ஆராயத்தக்க மாற்றமே. எனவே தமிழில் இத்தகைய எழுத்தை ஆராய்பவர் பெயர்களோடு விகுதிகளையும், செயப்பாட்டு வினைகளையும், மரியாதைப் பன்மையையும் சேர்த்தே எண்ண வேண்டும்.