மனைத் தரகுக்கு முன் பதிவுச் சான்று



கல்லாவில் அமர்ந்திருப்பவரிடம் ஊர்ச் செய்தி அத்தனையும் வந்து சேரும். யார் மனை தேடுகிறார், யார் நிலம் விற்கிறார் என்பது நமக்குத்தான் முதலில் தெரிகிறது. லே-அவுட் போடுகிறவர்களும் இதை அறிந்தே நம்மிடம் வருகிறார்கள். "ஆளை மட்டும் அனுப்புங்கள் அண்ணாச்சி, மனைக்கு இவ்வளவு கமிஷன்" என்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்வதுதானே என்று நம்மில் பலர் தலையாட்டிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்கும் சட்டம் உண்டு.

யார் ஏஜென்ட்?

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மனைத் திட்டத்தில் வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்தி, அதற்குக் கமிஷன் பெறுகிறவரும் இச்சட்டப்படி ஏஜென்ட்தான். தரகர், இடைத்தரகர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் ஒன்றே. கடைக்குப் பலகை மளிகை என்றிருப்பதால் விலக்கு கிடைக்காது.

எப்போது பதிவு தேவை?

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை, அதாவது 12 சென்ட்டுக்குச் சற்று மேற்பட்ட நிலத்தை, மனைகளாகப் பிரித்து விற்பவர் அத்திட்டத்தை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவான திட்டத்தில் மனை விற்றுத் தரும் ஏஜென்ட்டும் தனியாகப் பதிவு பெற வேண்டும். பதிவாக வேண்டிய திட்டம் பதிவாகாமல் இருந்தால், பதிவு பெற்ற ஏஜென்ட்டும் அதை விற்றுத் தரக் கூடாது. ஒருவர் தம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பது இதில் சேராது.

பதிவு பெறும் முறை

தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் உரிய கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். பான் அட்டை, புகைப்படம், தொழில் நடத்தும் இடத்துக்கான முகவரிச் சான்று, வருமான வரிக் கணக்கு நகல்கள் ஆகியவற்றை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். சான்று 5 ஆண்டுகளுக்குச் செல்லும். மாநிலம் முழுவதற்கும் ஒரே பதிவு போதும். பின்னர் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

பதிவுக்குப் பின்

நாம் முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் நம் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். கணக்குப் புத்தகங்களை முறையாக வைக்க வேண்டும். வாங்குபவருக்குச் சேர வேண்டிய ஆவணங்களும் விவரங்களும் கிடைக்க உதவ வேண்டும். இல்லாத வசதியை இருப்பதாகச் சொன்னால் பதிவே ரத்தாகலாம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் தரகு வரவையும் கணக்கில் காட்ட வேண்டும்.

லாப நட்டம்

20 லட்ச ரூபாய் மனைக்கு 2 சதவீதத் தரகு என்று வைத்துக்கொண்டால் வரவு 40,000 ரூபாய். பதிவின்றிச் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். மனை விலையில் 5 சதவீதம் வரை அது ஏறலாம். அதாவது ஒரு லட்சம். நாற்பதுக்கு ஆசைப்பட்டு நூறை இழக்கும் வியாபாரத்தை நாம் யாரும் செய்வதில்லை.

பணத்தைவிடப் பெரிய நட்டமும் உண்டு. எங்களிடம் சரக்கு எடுத்த சில்லறை வியாபாரி ஒருவர், தம் வாடிக்கையாளர் மூவரை ஒரு மனைக்கு அனுப்பினார். முன்பணமும் கொடுத்தாயிற்று. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரம் பதிய உயர் நீதிமன்றம் தடை விதித்தது. லே-அவுட்காரர் கைக்கு எட்டவில்லை. கடைக்காரர் மட்டும் தினமும் கண்ணெதிரே இருந்தார். மூன்று குடும்பமும் அவர் கடைப் படி ஏறுவதை நிறுத்திவிட்டன. கமிஷன் வந்தது ஒரு முறை. போனது மாதாமாதம் வந்த மளிகைச் சிட்டை.

ஆகவே தரகு செய்ய விரும்புவோர் முறையாகப் பதிவு பெற்றுச் செய்யுங்கள். அதுவும் நல்ல தொழிலே. செய்ய விரும்பாதோர் யாரேனும் மனை பற்றிக் கேட்டால், "திட்டத்தின் பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள், வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். முத்திரையில்லாத தராசில் நாம் நிறுப்பதில்லை. சான்றில்லாமல் மனைக்கு வாக்கும் கொடுக்க வேண்டாம்.