ஒற்றைக் கண் பார்வையும் வாகனம் ஓட்டும் பயிற்சியும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் அமைந்த சித்தூர் வட்டத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும், வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கும் செல்லும் சாலைகள் இப்பகுதி மக்களின் பிழைப்போடு பிணைந்தவை. இங்குள்ள தென்னந்தோப்புகளில் இறக்கப்படும் கள் வண்டியேறிக் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குச் செல்கிறது. உழவும் வண்டியோட்டமும் ஒரே குடும்பத்தின் தொழில்களாக இருப்பதுண்டு. நெற்சுணையோ ஓலை நுனியோ கண்ணில் பட்டால் கருவிழியில் காளான் கிருமியால் புண் உண்டாகலாம். தென்னிந்தியக் கிராமங்களில் ஒரு கண் பார்வை பறிபோவதற்கு இஃது ஒரு முக்கியக் காரணம். அவ்வாறு பார்வை இழந்தவர் மீண்டும் வண்டி ஓட்டலாமா?

சட்டம் இதற்கு ஓரளவு விடை தருகிறது. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள முதலாம் படிவம், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையை ஒவ்வொரு கண்ணாலும் அடையாளம் காண முடிகிறதா என்று வினவுகிறது. கண்ணாடி அணிந்து பார்க்கத் தடையில்லை. அதே வினாவில் ஒரு விலக்கும் உண்டு. ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் உரிமம் பெற்றிருந்து, அதன் பின்னர் ஒரு கண்ணை இழந்தவர், ஸ்டீயரிங் பக்கம் வெளிக்கண்ணாடி பொருத்திய இலகு வாகனத்தை ஓட்ட விண்ணப்பித்தால், ஒரு கண்ணால் காண்பதே போதுமானது. ஆனால் அது வாடகைக்கோ சரக்குக்கோ ஓடும் வண்டியாக இருத்தல் கூடாது. அனுபவத்திற்கு மதிப்பளிக்கும் இவ்விலக்கு நியாயமானதே. எனினும் எண் பலகைச் சோதனை அளப்பது பார்வையின் கூர்மையை மட்டுமே. ஒற்றைக் கண்ணர் இழப்பதோ அதன் அகலத்தையும் ஆழத்தையும்.

இரு கண்களும் சேர்ந்து ஏறத்தாழ 180 பாகை அகலமுள்ள பார்வைப் புலத்தைத் தருகின்றன. ஒரு கண் மட்டும் இருப்பின் அது 150 பாகையளவிற்குக் குறைகிறது. இடக்கண்ணை இழந்தவருக்குச் சாலையோரத்து நடையர், மிதிவண்டி, ஆடுமாடு ஆகியவை பிந்தியே புலப்படும். வலக்கண்ணை இழந்தவருக்கு முந்திச் செல்லும் வண்டி திடீரெனத் தோன்றியது போலிருக்கும். இவற்றினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. ஒவ்வொரு விழித்திரையிலும் பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் ஒரு குருட்டுப்புள்ளி இருக்கிறது. பொதுவாக ஒரு கண்ணின் குறையை மற்றது நிரப்பிவிடும். ஒற்றைக் கண்ணருக்கு அவ்வுதவி இல்லை. ஐந்து பாகைக்குச் சற்று மேற்பட்ட அகலமுள்ள அப்புள்ளி, 20 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 2 மீட்டர் இடத்தை மறைக்கக் கூடியது. ஒரு மிதிவண்டிக்காரர் மறைய அது போதும். அவ்விடம் இருட்டாகவும் தோன்றாது. வெறும் சாலையாகவே தோன்றும். முன்கண்ணாடியின் ஓரத் தூணும் ஒற்றைக் கண்ணுக்கு மிகுதியாக மறைக்கிறது.

ஆழத்தைப் பொறுத்தவரை அவ்வளவு கவலை வேண்டா. இரு கண்களின் கூட்டுப் பார்வை பெரும்பாலும் அருகிலுள்ள பொருள்களுக்கே பயன்படுகிறது. தொலைவை நாம் அறிவது பொருளின் அளவு, நிழல், ஒன்று மற்றொன்றை மறைக்கும் விதம், தலை அசையும்போது அண்மைப் பொருள் விரைந்து நகர்வது ஆகியவற்றால்தான். இவற்றைப் பழகிக்கொள்ள முடியும் என்பதற்குக் கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடி சான்று. 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய வலக்கண் பார்வை பழுதுற்றது. ஏழு மாதத்திற்குள் சென்னையில் நடைபெற்ற டெஸ்ட் பந்தயத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் 103 ஓட்டங்கள் எடுத்தார். பட்டோடியின் திறமை எல்லோருக்கும் வாய்க்காது என்பது உண்மை. ஆயினும் மூளை புதிய குறிப்புகளைக் கற்கும் என்பது எல்லோருக்கும் பொதுவானது.

கற்க வேண்டிய இடம் சாலையன்று, வெற்று மைதானம். மருத்துவர் இசைவு தந்த பின், முளைக்குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றின் முன்பும் ஒரு மீட்டர் இடைவெளியில் வண்டியை நிறுத்த முயல வேண்டும். ஒவ்வொரு முறையும் இறங்கி, அளந்து, தமது மதிப்பீட்டோடு ஒப்பிடுதல் வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பின்னோக்கி எடுக்கும்போதும் குறுகிய சந்தில் நிறுத்தும்போதும் இதுவே கைகொடுக்கும். அடுத்து, தலையைத் திருப்பும் பழக்கம். விழியை மட்டும் ஓட்டினால் மூக்கு குறுக்கே நிற்கும். சந்திப்பை அடையுமுன் பார்வையற்ற பக்கமாக முகவாய் தோளுக்கு நேராக வரும்வரை திரும்பிப் பார்த்து, பின் மறுபக்கமும் நோக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுவதால், வேகத்தைக் குறைத்த பின்னரே தலை திரும்பலாம். முன்னே செல்லும் வண்டி ஒரு மைல்கல்லைக் கடந்ததிலிருந்து மூன்று நொடி எண்ணி முடிக்குமுன் நாம் அக்கல்லை அடையாதிருப்பது நல்ல இடைவெளி.

பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதிக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. சாலைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுவதால், காலையில் கோயம்புத்தூர் செல்பவரும் மாலையில் திரும்புபவரும் சூரியனை எதிர்கொள்கின்றனர். இருக்கும் கண்ணிலும் புரை தொடங்கியிருப்பின் கூச்சம் பன்மடங்காகும். அத்தகையோர் அறுவை செய்துகொள்ளும் வரை அந்நேரத்துப் பயணத்தையும் இரவுப் பயணத்தையும் தவிர்ப்பது நலம்.

அதிகாரிகள் கருத வேண்டிய செய்தியும் உண்டு. கண் அழுத்த நோய் வலியின்றிப் பார்வைப் புலத்தை ஓரத்திலிருந்து சுருக்குகிறது. நோய் முற்றிய நிலையிலும் எண் பலகையைப் படித்துவிடலாம். 2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, 30 வயது முதல் 50 வயதுக்குள் சொந்த வாகனத்திற்கு உரிமம் பெறுவோருக்கு அது பத்தாண்டுகள் செல்லும். 45 வயதில் புதுப்பித்தவர் 55 வரை மறுசோதனையின்றி ஓட்டலாம். நாற்பதைக் கடந்தோருக்கான மருத்துவச் சான்றிதழில் பார்வைப் புலத்தையும் சேர்த்தால், விரலை அசைத்துக் காட்டிப் பார்க்கும் ஓர் எளிய சோதனையே பல குறைகளை வெளிக்கொணரும். அதற்குச் செலவு ஏதுமில்லை.

சரக்கு வண்டி ஓட்டுநரின் நிலை இன்னும் கடினமானது. ஒரு கண் போனால் அவருக்கு உரிமம் இல்லை. ஆகவே அவர் அதை மறைக்கிறார். மறைப்பவர் பயிற்சிக்கும் வருவதில்லை.