ஒரு லட்சம் ரூபாய், நாற்பது பிள்ளைகள்: வகுப்பறைக்கு எதை வாங்குவது?

முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பணம் சேர்ந்துவிட்டால் மறுநாளே ஒரு பெயர் முடிவாகிவிடும்: ஸ்மார்ட் போர்டு. கொடுப்பவர்களுக்கும் அது வசதி. சுவரில் மாட்டி, ஓரத்தில் பேட்ச் பெயரை ஒட்டி, ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம். 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வந்ததிலிருந்து அரசுப் பள்ளிக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு வழியும் சுலபமாகிவிட்டது. அதனால் பணம் கைமாறும் முன்பே தலைமையாசிரியரும் எஸ்.எம்.சி. எனும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கையில் ஒரு லட்சம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பீரியட் நாற்பது நிமிடம். எதை வாங்கினால் பின்தங்கிய பிள்ளையும் பாடத்தைப் பிடிப்பான்?

கலப்புக் கற்றல் என்ற பேச்சு இப்போது எல்லாப் பயிற்சிக் கூட்டங்களிலும் அடிபடுகிறது. ஆசிரியர் நேரில் நடத்துவதும், பிள்ளை கருவியில் தானாகச் செய்து பார்ப்பதும், ஒரே பாடத்துக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து நடப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். போர்டில் வீடியோவை ஓடவிட்டு எல்லோரும் பார்ப்பது இதில் சேராது; அது பழைய வகுப்பேதான், கரும்பலகைக்குப் பதில் திரை.

இந்தியாவில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2000-இல் குஜராத் அரசு வதோதரா நகராட்சிப் பள்ளிகளுக்குத் தலா 4 கணினி கொடுத்தது. நடத்த ஆள் இல்லாமல் பெரும்பாலானவை சும்மா கிடந்தன. பிறகு 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பு உள்ளே வந்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கணினிக்கு இருவராக உட்காரவைத்து, வாரத்துக்கு 2 மணி நேரம் கணக்கு விளையாட்டுகளைக் கொடுத்தது. கணக்கில் மதிப்பெண் நன்றாகவே ஏறியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இது. திட்டம் நின்று ஓராண்டு போனதும் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

அதே குஜராத்தில் லீ லிண்டன் என்ற ஆய்வாளர் செய்த இன்னொரு ஆய்வு, நம் ஊர் ஹெச்.எம்.கள் மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ளத் தகுந்தது. ஆசிரியர் நடத்தும் நேரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கணினியைக் கொடுத்தபோது பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள். அதே மென்பொருளைப் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது, குறிப்பாகப் பின்தங்கிய பிள்ளைகள், கூடுதலாகக் கற்றார்கள். கருவி அதேதான். நல்ல ஆசிரியரின் நேரத்தை அது தின்றதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளை வைத்து டெல்லியில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. பள்ளி விட்ட பிறகு 90 நிமிடம்: பாதி நேரம் மென்பொருளோடு, பாதி நேரம் சிறு குழுவாக ஆசிரியரோடு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை அவர்கள்மேல் திணிக்காமல், மூன்றாம் வகுப்புக் கணக்கில் நிற்கும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கையே மென்பொருள் கொடுத்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். மறுபக்கம், பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று அள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கிலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் அசையவில்லை என்று 2012-இல் ஆய்வு வந்தது.

ஆக, ஒவ்வொரு கருவியையும் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். அதைக் கையில் வைத்திருப்பது யார்? அது ஓடும் நேரத்தில் ஆசிரியருக்குக் கை ஓய்கிறதா, ஓய்ந்த கையால் பின்வரிசைக்குப் போக முடிகிறதா?

பெரிய திரை

ஸ்மார்ட் போர்டு, அதாவது தொடுதிரைப் பலகை, அளவையும் கம்பெனியையும் பொறுத்து லட்சத்தைத் தொடும், தாண்டும். பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவது அதன் பலம். ப்ரொஜக்டர் அதில் பாதிக்கும் குறைவாக வந்துவிடும். ஆனால் இரு பக்கமும் ஜன்னல் திறந்த நம் வகுப்பறையில் 3000 லூமென்ஸுக்குக் கீழே வாங்கினால் படம் வெளிறிப்போகும். சாதாரண ப்ரொஜக்டர் என்றால் ஆசிரியர் எழுத எழுந்தாலே அவர் நிழல் பாடத்தை மறைக்கும். சுவருக்கு அருகிலேயே வைக்கும் ஷார்ட் த்ரோ வகையை வாங்கினால் அந்தத் தொல்லை குறையும். ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கும் செலவை யாரும் எஸ்டிமேட்டில் சேர்ப்பதில்லை. சேருங்கள்.

திரையில் பிள்ளைகளைச் செய்யவைக்கும் பாடமும் உண்டு. மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள். 'முதல் பல்பு கொஞ்சம் கரன்ட்டைச் சாப்பிட்டுவிடும், இரண்டாவது மங்கலாக எரியும்' என்று வகுப்பில் பாதிப் பேர் உறுதியாக நம்புவார்கள். புத்தகத்தில் சரியான விடையை மனப்பாடம் செய்த பிறகும் நம்புவார்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) இணையதளத்தில் இதற்கென்றே ஒரு செயல்மாதிரி இருக்கிறது. இலவசம், இறக்கிவைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம். திரையில் சுற்றை அமைத்துவிட்டு சுவிட்சைப் போடாமல் நிறுத்துங்கள். எந்தப் பல்பு மங்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போடட்டும். பிறகு ஒரு மாணவியைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொல்லி, அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னும் இரண்டாவதற்குப் பின்னும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே எண். அந்தச் சண்டைக்குக் கொடுக்கும் மூன்று நிமிடத்தில்தான் பாடம் இருக்கிறது. சுவிட்சை ஆசிரியரே போட்டுக் காட்டிவிட்டால் அது படக்காட்சி.

கணக்குக்கும் இதேபோல் ஜியோஜீப்ரா உண்டு. நம் கணக்குப் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்ற கட்டத்தில் அதற்கான வழி அச்சிலேயே கிடக்கிறது. இத்தனைக்கும் ப்ரொஜக்டரே போதும். தொடுதிரைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை வந்து தொட்டுவிட்டுப் போவதைத் தவிர, பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தவிர, பல தொடக்கப் பள்ளிகளுக்கு அரசே ஸ்மார்ட் வகுப்பறையும் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேபும் கொடுத்திருக்கிறது. இருப்பதையே இரண்டாவதாக வாங்கிவைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன.

அட்டை

அடுத்ததற்குச் செலவு ஜெராக்ஸ் காசுதான். பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைக்கு ஒரு அட்டை, ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கறுப்புக் கட்டம். அட்டையின் நான்கு பக்கமும் அ, ஆ, இ, ஈ போல நான்கு விடைகள். தான் நினைக்கும் விடை மேலே வரும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின்மேல் ஒரு சுற்று காட்டினால் யார் எதைத் தேர்ந்தார் என்று போனில் விழுந்துவிடும். பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் வேண்டாம்.

ஏழாம் வகுப்பில் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள்: 0.5, 0.35 இரண்டில் எது பெரியது? 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 'புரிஞ்சுது சார்' என்று கோரஸாக வரும் அதே வகுப்பில், அட்டையில் பத்துப் பதினைந்து பேர் 0.35-ஐக் காட்டுவார்கள். ஐந்தைவிட முப்பத்தைந்து பெரியதுதானே? அந்தப் பதினைந்து பேரும் யார் என்று ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடுவதைப் போல ஆசிரியருக்குக் கைகொடுக்கும் விஷயம் வேறு இல்லை. நாளைக்கு யாரோடு உட்கார வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் முதலில் இங்கிருந்து தொடங்கச் சொல்வேன். அட்டையை மட்டும் லேமினேட் செய்யாதீர்கள். பளபளப்பில் கேமரா தடுமாறும். கெட்டி அட்டையில் ஒட்டினால் ஒரு வருஷம் தாங்கும்.

ஆறு டேப்

ஒரு லட்சத்தில் எட்டுப் பத்து டேப் வாங்கலாம் என்றாலும் ஆறோடு நிறுத்தி, மிச்சத்தில் ரௌட்டர், இயர்போன், பூட்டுப் போட்ட அலமாரி, சார்ஜ் போட நீளமான ப்ளக் பலகை எல்லாம் வாங்குங்கள். ஒரு டேப்புக்கு இருவர், ஒன்றிரண்டில் மட்டும் மூவர் என்றால் பதின்மூன்று பதினான்கு பேர். வகுப்பு மூன்று குழுவாகப் பிரிகிறது: ஒரு குழு டேப்பில், ஒரு குழு ஆசிரியரோடு தரையில் வட்டமாக, ஒரு குழு நோட்டில் எழுத்து வேலை. மேலைநாட்டில் இதற்கு ஸ்டேஷன் ரொட்டேஷன் என்று பெயர்.

பயிற்சியில் காட்டும் வீடியோவில் மூன்று குழுவும் ஒரே பீரியடில் அழகாக இடம் மாறும். நம் நாற்பது நிமிடத்தில் அது நடக்காது. பெஞ்சை இழுப்பதும், டேப் எடுத்துக் கொடுப்பதும், வருகைப் பதிவும் சேர்ந்து பத்து நிமிடத்தை விழுங்கும். ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் என்று வைத்துக்கொண்டு மூன்று நாளில் மூன்று குழுவும் சுற்றி வரட்டும். இல்லையென்றால் ஹெச்.எம். மனது வைத்து வாரத்தில் ஒரு நாள் இரண்டு பீரியடைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சத்தம் வரப்போவது டேப் குழுவிலிருந்து இல்லை, எழுதும் குழுவிலிருந்துதான். அவர்களுக்குக் கொடுக்கும் வேலை, ஆசிரியரைக் கூப்பிடாமல் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். விடைத்தாள் ஒன்றை லீடரிடம் மடித்துக் கொடுத்துவிடுங்கள்.

டேப்பில் என்ன ஓடும்? இணையம் ஒழுங்காக வந்தால் மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை நம் பாடத்துக்கே தமிழில் காணொளிகள் உண்டு. 2023-இல் பள்ளிக்கல்வித்துறை வெளியிட்டது. இணையம் வராத ஊர் என்றால் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் பழைய லேப்டாப் ஒன்றில் ஏற்றினால் அதுவே உள்ளூர் சர்வர். ரௌட்டர் வழியே ஆறு டேப்பும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பாடங்களை நாமே தேடி ஏற்ற வேண்டியிருக்கும், கம்ப்யூட்டர் ஆசிரியருக்கு அது ஒரு விடுமுறை வேலை. அந்த வேலைக்கு ஆள் இல்லையென்றால் கோலிப்ரி வேண்டாம், காணொளிகளை மெமரி கார்டில் போட்டுக்கொடுத்தாலே போதும்.

ஹைடெக் லேப் இருக்கும் பள்ளிக்கு டேப் தேவையா? லேப் நேர அட்டவணை ஆன்லைன் தேர்வுக்கும் எமிஸ் என்ற கல்வித்துறைத் தளத்தில் விவரம் பதிவதற்கும் போய்விடுகிறது என்றால் தேவை. லேப் வாரத்தில் நான்கு பீரியடாவது காலியாக இருந்தால், பாதி வகுப்பை அங்கே அனுப்பிவிட்டு மீதிப் பாதியோடு ஆசிரியர் உட்கார்வது டேப்பைவிட மலிவு. லேபில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் மட்டும் வேண்டும்.

வீட்டில் வீடியோ

காணொளியை இரவு வீட்டில் பார்த்துவிட்டு வா, கணக்கை வகுப்பில் போடலாம் என்ற தலைகீழ் வகுப்பறை, 2007-இல் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் செய்து பிரபலமானது. விளையாட்டுப் போட்டிகளுக்குப் போய் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. நம் ஊரில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். அண்ணன் ப்ளஸ் டூ என்றால் முதல் உரிமை அவனுக்கு. வகுப்பில் ஐந்து பேர் வீடியோ பார்க்காமல் வந்தால், மறுநாள் பாடம் அந்த ஐந்து பேருக்குப் புரியாது. வழக்கமாகப் பின்தங்கும் அதே ஐந்து பேராகத்தான் அவர்கள் இருப்பார்கள். ஆறு முதல் எட்டு வரை இதைத் தொடவே வேண்டாம். பதினொன்று, பன்னிரண்டில், அதுவும் விடுதிப் பள்ளியில், பயன்படும். 2018-இல் புதிய பாடப்புத்தகம் வந்தபோதே உள்ளே க்யூஆர் கோடும் வந்துவிட்டது. விடுப்பு எடுத்த பிள்ளைக்குப் பக்க எண்ணைச் சொல்லி அனுப்ப அது சரியான வழி.

சரி, ஒரு லட்சத்தை எப்படிப் பிரிப்பது? திரை எதுவுமே இல்லாத பள்ளியென்றால் நல்ல ப்ரொஜக்டர், திரைச்சீலை, ஸ்பீக்கர், அட்டைகள். மீதியை அடுத்த ஆண்டுக்கு வங்கியில் வையுங்கள். திரை ஏற்கெனவே இருந்தால் ஆறு டேப். கணக்கில் பிள்ளைகள் ரொம்பப் பின்தங்கியிருக்கும் பள்ளி, மாலை ஒரு மணி நேரம் இருக்க ஓர் ஆசிரியரோ தன்னார்வலரோ சம்மதித்தால், டேப்பை மாலை வகுப்புக்கே ஒதுக்கலாம். ஆய்வுகளில் நிச்சயமான பலன் தெரிந்தது அந்த மாதிரி ஏற்பாட்டில்தான். எந்த ஆசிரியருக்கும் ஆர்வம் இல்லாத பாடத்துக்கு எதையும் வாங்காதீர்கள். கேட்டு வரும் ஆசிரியரின் வகுப்பில் ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகலாம்.

வாங்கும் நாளில் எஸ்.எம்.சி. தீர்மானத்திலேயே சிலதை எழுதிவிடுங்கள். அலமாரிச் சாவி யாரிடம், அவர் விடுப்பு என்றால் யாரிடம். சார்ஜ் போடுவது எந்த வகுப்பின் பொறுப்பு. உடைந்தால் பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ பணம் கேட்பதில்லை என்ற உறுதி. இது இல்லாவிட்டால் டேப் அட்டைப் பெட்டியைவிட்டே வெளியே வராது. மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு பழுதுக்கென்று தனியே. கடைக்காரரிடம் வாரன்டி எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டால் போதாது. சர்வீஸ் ஆள் பள்ளிக்கே வருவாரா, நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.