பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை

அடிபட்ட மூன்றாவது வருஷம் சித்தி மகள் கல்யாணத்துக்குத் தென்காசியிலிருந்து மதுரைக்கு வேனில் போனோம். போக நாலு மணி நேரம், மண்டபத்தில் ஆறு, திரும்ப நாலு. அன்று புது ஜீன்ஸ் போட்டிருந்தேன். பின் பாக்கெட்டில் தடித்த தையலும் ஒரு பித்தளைக் குமிழும் இருந்ததைக் கவனிக்கவில்லை. இரவு வந்து ஒருக்களித்துப் படுத்ததும் மனைவி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏதோ கறுத்தாப்ல இருக்குங்க" என்றாள். எட்டணா அகலம். வலிக்கவில்லை. எனக்கு எங்கே வலிக்கப்போகிறது! காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அந்த எட்டணா ஆற ஒரு ஆபரேஷனும், குப்புறப் படுத்த ஐந்து மாதமும் ஆயின. கல்யாணத்துக்கு நான் செய்த மொய்யைவிடப் புண்ணுக்குச் செய்த மொய் பல மடங்கு.

நான் வயர்மேன். இரண்டாவது மாடி சன்ஷேடிலிருந்து விழுந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் பதறிப்போய் என்னை மடக்கி ஆட்டோவில் திணித்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விழுந்தவரை உட்காரவைக்காமல், கழுத்தும் முதுகும் திரும்பாமல் அப்படியே விட்டு 108ஐக் கூப்பிட வேண்டும். ஸ்கேனில் முதுகெலும்பில் டி8 என்ற இடத்தில் அடி என்றார்கள். தொப்புளுக்கு நாலு விரல் மேலே ஒரு கோடு போட்டால், அதற்குக் கீழே எனக்குத் தொடுவதும் தெரியாது, சுடுவதும் தெரியாது.

பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "நடக்க வருமா?" டாக்டர் அதற்குப் பதில் தேடிய இடம் என் கால் இல்லை. ஆசனவாயைச் சுற்றித் தொட்டும் குத்தியும் பார்த்தார். அங்கே உணர்வு மிச்சம் இருந்தால் தண்டுவடம் முழுதாக அறுந்துபோகவில்லை, தேறி வர வழி இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், கூச்சப்படாமல் டாக்டரிடம் இந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். பல வருஷக் காசையும் கனவையும் எதில் போடுவது என்பதற்கு அந்தப் பதில் உதவும்.

ஆறேழு வாரம் கழித்து ஒரு நாள் போர்வைக்குள் என் வலது தொடை துள்ளியது. அம்மா அழுதுகொண்டே மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். நானும் நம்பினேன். அடிபட்ட அதிர்ச்சியில் கொஞ்ச நாள் துவண்டு கிடக்கும் தண்டுவடம், மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தானாக இழுக்க ஆரம்பிப்பதுதான் அது என்று பிசியோ விளக்கினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இப்போது அந்த இழுப்பு எனக்கு வேலைக்காரன். வழக்கத்துக்கு மேல் கால் வெட்டி இழுத்தால் கீழே எங்கோ கோளாறு என்று பொருள்: யூரினில் கிருமி, மலச்சிக்கல், அல்லது செருப்புக்குள் ஒரு கல்.

முதல் வருஷம் ஊரில் சொன்ன வைத்தியம் எல்லாம் நடந்தது. அத்தை ஆசையாக உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தார். மறுநாள் குதிகாலில் கோழிமுட்டை அளவு கொப்புளம். பிறகு ஒருவர் ஸ்டெம் செல் ஊசி என்று சொல்லி, நகையை அடகு வைக்கும் அளவுக்கு ஒரு தொகை சொன்னார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, முறையாக அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே முதுகுத்தண்டுக்கு அந்த ஊசியைப் போடக் கூடாது. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். யாராவது காசு கேட்டால் அங்கேயே வீல்சேரைத் திருப்பிவிடுங்கள்.

ஊசியைவிட எங்களை உயிரோடு வைத்திருப்பது அன்றாடக் கவனிப்புதான். முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சில மாதம்கூடத் தாங்கவில்லை. அவர்களைக் கொன்றது குண்டு இல்லை, படுக்கைப் புண்ணும் சிறுநீரகத்தில் ஏறிய கிருமியும். 1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்கு லுட்விக் குட்மன் என்ற டாக்டர் வந்தார். பெரிய மந்திரம் ஒன்றும் செய்யவில்லை. இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைத்தார், சிறுநீர்ப் பையில் கிருமி ஏறாமல் பார்த்துக்கொண்டார், பிழைத்தவர்கள் கையில் வேலையையும் விளையாட்டையும் கொடுத்தார். நம் ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைக்கு ஆபரேஷன் செய்தார். எங்கள் பக்கத்து ஆய்குடியில் ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தவர். 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

தோலுக்கு வருகிறேன், அதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆரம்பத்தில் மாமா லாரி டியூப் ஒன்றைக் காற்றடித்துக் கொண்டுவந்து அதன் நடுவில் என்னை உட்காரவைத்தார். நர்ஸ் அக்கா அதைப் பிடுங்கி வராந்தாவில் வீசினார். வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். சிவந்த இடத்தில் ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பதும் தப்பு. சிவப்பு என்று புத்தகத்தில் எழுதியிருப்பார்கள், நம் நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரிகிறது? பக்கத்துத் தோலைவிடக் கறுத்திருக்கும், புறங்கையை வைத்தால் சூடாக இருக்கும், அமுக்கினால் கெட்டியாக இருக்கும். அழுத்தத்தை எடுத்து அரை மணி ஆகியும் நிறம் மாறாவிட்டால், அது மறையும்வரை அந்த இடத்தில் உட்காரவும் படுக்கவும் கூடாது. காலையும் இரவும் கைக்கண்ணாடியில் நானே பார்க்கிறேன். மனைவி பார்ப்பாள் என்று விட்டதற்குத்தான் ஐந்து மாதம்.

போனில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதிர்வு வரும். முதலில் கையை ஊன்றி எம்பி, மூன்று எண்ணிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அது போதாது. நசுங்கிய இடத்துக்கு ரத்தம் திரும்ப ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும், அவ்வளவு நேரம் எம்பி நின்றால் தோள்பட்டை தேய்ந்துவிடும். எனக்குத் தோள்தான் இப்போது கால். அதனால் முன்னால் குனிந்து நெஞ்சைத் தொடையில் சாய்த்துக்கொள்கிறேன். இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சான்றிதழுக்கு வருகிறவர்கள் முதல் தடவை பார்த்தால் பதறுவார்கள். கீழே பேனா விழுந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

யூரினுக்கு நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை நானே டியூப் போடுகிறேன். ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் குடித்த நேரத்தை மாற்றுகிறேன், தண்ணீரைக் குறைப்பதில்லை. வெளியூர் போகும்போது தண்ணீரே குடிக்காமல் இருப்பது நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு. நானும் செய்து குளிர்காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை சிறுநீரக ஸ்கேனும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும். மோஷனுக்குத் தினமும் காலைக் காப்பிக்கு அரை மணி கழித்து, ஒரே நேரம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் கழுத்தில் அடிபட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் மதியம் முகம் வியர்த்துக் கொட்ட, தலை பிளக்கிறது என்று கத்தினார். பிபி எப்போதும் 100 இருக்கிறவருக்கு அன்று 180. நர்ஸ் அக்கா மாத்திரையைத் தேடவில்லை. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, வேட்டியைத் தளர்த்தி, யூரின் டியூப் போகிற வழியைக் கையால் தடவிக்கொண்டே போனார். தொடைக்கு அடியில் டியூப் மடங்கியிருந்தது. நிமிர்த்தியதும் பை நிறைந்தது, பத்து நிமிடத்தில் பெரியவர் டீ கேட்டார். நெஞ்சின் மேல்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவர்களுக்கு இப்படி வரும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தம் கசிந்து உயிரே போகலாம்.

வீட்டு வாசல் ஒன்றரை அடி உயரம். ஒரு அடிக்குப் பன்னிரண்டு அடி சரிவு என்பது கணக்கு, அப்படியானால் பதினெட்டு அடி. எங்கள் தெருவே அவ்வளவு அகலம் இல்லை. கொத்தனார் சுவரை ஒட்டித் திருப்பிக் கட்டினார், நடுவில் திரும்ப ஒரு மேடை வைத்து. இப்போது அதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள்.

போன மாதம் கடையம் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒரு பையனைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தியதும் அவன் அம்மா வெளியே ஓடி வந்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. எம்புள்ள நடப்பானா?" உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே சுவரில் ஒரு கண்ணாடி தொங்கியது. "அக்கா, அதைக் கழற்றித் தாங்க. அவனைக் கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றேன்.