பொன்முடி மலைநடையும் பூச்சி விரட்டி மருந்துகளும்

திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டு, கல்லாற்றைக் கடந்து, இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறினால் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியை அடையலாம். புல்வெளியும் தேயிலைத் தோட்டமும் அடர்ந்த காடும் அருகருகே அமைந்த இவ்விடம், மாணவர்க்கு இயற்கைப் பாடம் புகட்ட மிகவும் ஏற்றது. அட்டைக்கும் கொசுவுக்கும் உண்ணிக்கும் அது அவ்வாறே ஏற்றதாகும்.

அட்டைக் கடி அச்சமூட்டினும் பெரும்பாலும் தீங்கற்றது. புதர்களில் வாழும் சிற்றுண்ணிகளின் நுண்ணிய குஞ்சுகளே அஞ்சத்தக்கவை. அவை கடிப்பதால் ஸ்கிரப் டைபஸ் என்னும் நோய் பரவுகின்றது. கேரளத்தார் இதனைச் 'செள்ளுப்பனி' என்பர். மலையாளத்தில் 'பனி' என்பது காய்ச்சலைக் குறிக்கும். 2022 ஜூன் மாதத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே இந்நோயால் உயிரிழப்பு நேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் போரிட்ட படைவீரரின் உடைகளில் டைபியூட்டைல் தாலேட் ஊட்டப்பட்டதும் இந்நோயைத் தடுக்கவே.

விரட்டி மருந்து பூச்சியைக் கொல்வதன்று. மனித வாடையை நாடி வரும் அதன் புலனைக் குழப்புவது. ஆதலால் பூசிய இடத்தில், பூசியது நிலைத்திருக்கும் வரையில் மட்டுமே அது பயன் தரும். அமெரிக்க இராணுவத்துக்காக 1946இல் உருவாக்கப்பட்ட 'டீட்' இன்றும் பெரிதும் வழங்குகின்றது. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய 'டெப்பா' அதற்கு நிகரான நம் நாட்டு மருந்தாகும். நூற்றுக்குப் பத்துப் பங்கு டீட் உள்ள மருந்து சுமார் இரண்டு மணி நேரமும், இருபது முதல் முப்பது பங்கு உள்ளது ஐந்து மணி நேரமும் காக்கும். ஐம்பது பங்குக்கு மேற்பட்டால் கூடுதல் பயன் இல்லை. பொன்முடியின் தூறலும் ஏறுவோரின் வியர்வையும் இக்காலத்தைக் குறைத்துவிடும். அந்நிலையில் மெல்லியதாக மீண்டும் பூசுவதே முறை. தடித்துப் பூசுவதால் சருமம் எரியுமேயன்றிக் காப்பு நீளாது.

வெயில் காப்புக் களிம்பு பூசுவதாயின் அதனை முதலிலும் விரட்டியைப் பின்னரும் பூசுதல் வேண்டும். புண், கண், வாய் ஆகிய இடங்களை விலக்குக. சிறுவர் கையில் புட்டியைக் கொடுக்கலாகாது; ஆசிரியரே தம் உள்ளங்கையில் எடுத்துப் பூசிவிடுதல் நன்று. சிறுவரின் கைகளில் பூசினால் அது வாய்க்குச் சென்றுவிடும். எவரேனும் மருந்தை விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாமல் புட்டியுடன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. மூக்குக்கண்ணாடியின் பிளாஸ்டிக்கையும் டீட் கெடுக்கும்.

பெர்மெத்ரின் உடைக்கு உரியது. உடைக்கெனத் தயாரித்த கரைசலை உடலில் பூசலாகாது. ஊட்டிய உடை நன்கு உலர்ந்த பின்னரே அணிதல் வேண்டும். அது மீன்களுக்குக் கொடிய நஞ்சாதலால் அவ்வுடையைக் கல்லாற்றில் அலசுதல் தகாது.

அட்டையைத் தடுக்கப் புகையிலைத் தூளைக் காலில் தேய்ப்பது மலைநாட்டு வழக்கம். இயற்கைப் பொருளாதலின் தீங்கற்றது எனப் பலர் எண்ணுகின்றனர். ஈரமான சருமத்தின் வழியே நிக்கோட்டின் உடலுள் புகுந்து குமட்டலும் தலைச்சுற்றலும் உண்டாக்கும் என்பதை அவர்கள் அறியார். சிறுவர்க்கு இதனை ஒருபோதும் செய்யலாகாது. நெருக்கமாக நெய்த துணியாலான நீண்ட காலுறையை முழங்கால் வரை இறுக்கிக் கட்டுவதே போதும்.

இறங்கி வந்ததும் மருந்தைச் சோப்பிட்டுக் கழுவி, அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலோ கரிய பொருக்குப் புண்ணோ தோன்றின், மலைக்குச் சென்றதை மருத்துவரிடம் தாமே எடுத்துரைத்தல் வேண்டும். டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளைக் காலந்தாழ்த்தாமல் கொடுத்தால் செள்ளுப்பனி குணமாகும்.