கேட்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்

கைலாசபுரம்

அன்புள்ள கயல்விழி,

ஊர்க் கூடத்தின் சுவரோரம், காது மிஷின் போட்டவர்களுக்கான லூப் கம்பி ஓட்டி முடித்துவிட்டதாகவும், ஆம்ப்ளிஃபையரில் பச்சை விளக்கு எரிவதாகவும் எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்பதற்கு மேல் அந்த விளக்குக்கு எதுவும் தெரியாது அம்மா. மூன்றாவது வரிசையில் காது மிஷினோடு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குப் பேச்சு விளங்குகிறதா என்பதை நீதான் போய்ப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் பார்த்த பாய்லர் தொழிலுக்கும் காதுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1886-இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் பாய்லர் கட்டும் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தார். ஒருவருக்குக்கூட முழுச் செவித்திறன் மிஞ்சவில்லை. கூட்டங்களில் பேச்சைப் பின்தொடரப் பலரும் திணறினார்கள். அது ரிவெட் அடித்த காலம். இன்று வெல்டிங் வந்துவிட்டது, காதுக்குக் கவசமும் வந்துவிட்டது. ஆனாலும் வயது ஏறினால் யாருக்கும் காது மங்கும். ஓய்வு பெற்றவர்கள் கூடிப் பேசும் நம் ஊர்க் கூடத்தில் நீ செய்திருக்கும் வேலை எனக்குப் பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

லூப் புதிய சங்கதி அல்ல. பிரிட்டனில் ஜோசப் பொலியாகாஃப் 1937-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மைக்கில் விழும் பேச்சு கம்பியில் மின்னோட்டமாகி, அறைக்குள் காந்தப்புலமாகப் பரவுகிறது. காது மிஷினுக்குள் இருக்கும் டி-காயில் அதைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் எதிரொலி இல்லை, பக்கத்து நாற்காலி முணுமுணுப்பு இல்லை.

சோதனையை ஆம்ப்ளிஃபையரை அணைத்து வைத்துத் தொடங்கு. கூட்டம் நடக்கும் நாளில் எரியும் விளக்கு, சுழலும் விசிறி எல்லாவற்றையும் போட்டுவிடு. காந்தப்புல மீட்டரை உட்கார்ந்தவர் காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.2 மீட்டரில் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்க நட. பன்னாட்டுத் தரத்தின்படி, மீட்டருக்கு 400 மில்லி ஆம்பியர் என்பது முழு அளவு. அதைச் சுழி டெசிபல் என்று வைத்துக்கொண்டால், பின்புல இரைச்சல் மைனஸ் 32-க்குக் கீழே இருக்க வேண்டும். முழு அளவில் நாற்பதில் ஒரு பங்கு அது. மீறினால் 'ம்ம்ம்' என்ற முனகல் பெரியவர் காதில் ஓயாமல் நிற்கும். விசிறி ரெகுலேட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார். அதிலும் போகாவிட்டால் வயரிங்கைப் பார்க்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு. பேஸும் நியூட்ரலும் சேர்ந்து ஓடினால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். எங்கோ பிரிந்து ஓடினாலோ, நியூட்ரல் எர்த்தைத் தொட்டாலோ, கட்டடத்தின் வயரிங்கே இன்னொரு லூப் ஆகிவிடும். இதைச் சரிசெய்யாமல் ஆம்ப்ளிஃபையரைக் கூட்டிப் பயனில்லை.

பிறகு மைக்கில் ஒருவரைப் பேச வை. பேச்சின் உச்சங்கள் சுழி டெசிபலைத் தொடும்படி திருகைச் சரிசெய். இருக்கைக்கு இருக்கை 3 டெசிபலுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. கம்பிக்கு நேர் மேலே நாற்காலி போடாதே. அங்கே புலம் படுத்துக்கிடக்கும். டி-காயிலுக்கு வேண்டியது நிமிர்ந்த புலம். தலையைக் குனிந்தாலும் சத்தம் மெலிவது இதே காரணத்தால்தான்.

நிறையப் பேர் கோட்டை விடும் இடம் அடுத்தது. 1000 ஹெர்ட்ஸில் எல்லாம் சரியாக இருக்கும். 5000-இல் அளந்தால் கூடத்தின் நடுவில் புலம் சரிந்து கிடக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளின் வேலை அது. உயர்ந்த ஒலிகளைத்தான் இரும்பு அதிகம் விழுங்கும். மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டுவதோ பெரும்பாலும் அந்த உயர்ந்த ஒலிகள். "சத்தம் வருது, சொல்தான் புரியலை" என்று யாராவது சொன்னால் இரும்பைச் சந்தேகி. ஆம்ப்ளிஃபையரில் இரும்பிழப்பை ஈடுகட்டும் திருகு இருந்தால் கொஞ்சம் திருப்பு. 100, 1000, 5000 மூன்றிலும் 3 டெசிபல் வித்தியாசத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் கம்பியைப் பிரித்து எட்டு வடிவில் ஓட்டுவதுதான் வழி. அலுப்பான வேலைதான், ஆனாலும் செய்.

மீட்டர் ஒப்புக்கொண்ட பிறகும் மனிதரிடம் கேட்க வேண்டும். கட்டை, சட்டை, தட்டை, பட்டை, மட்டை என்று முதல் எழுத்து மட்டும் மாறும் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொள். வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு மைக்கில் ஒவ்வொன்றாகச் சொல். மிஷின் போட்டவர் திருப்பிச் சொல்லட்டும். நாற்காலி மாற்றி மறுபடியும் சொல். "கேக்குதா?" என்று மட்டும் கேட்காதே. நம் பெரியவர்கள் உன் முகத்தைப் பார்த்து, மனசு நோகக்கூடாதென்று "நல்லாக் கேக்குதும்மா" என்றுவிடுவார்கள்.

மைக் விஷயத்தில் கறாராக இரு. "எனக்கு எதுக்கு மைக்கு, என் குரல் கடைசி வரை கேக்கும்" என்று எழுந்து நிற்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. அவர்கள் பேசும் நேரம் முழுக்க லூப்பில் கேட்பவருக்கு ஒன்றுமே வராது. கேள்வி கேட்பவர் கைக்கும் மைக் போக வேண்டும்.

எல்லா மிஷினிலும் டி-காயில் இருக்காது. காதுக்குள்ளேயே மறையும் சிறியவற்றில் பெரும்பாலும் இடமிருக்காது. சிலருடையதில் இருந்தும் திறந்துவிடாமல் கிடக்கும். செவித்திறன் நிபுணரிடம் சொன்னால் அதற்கென ஒரு புரோகிராம் போட்டுக் கொடுப்பார். வருகிறவர்களிடம் முதலில் இதைக் கேட்டு எழுதி வை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து உன் சின்னத் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் மிஷினில் டி-காயில் இருக்கிறது. சொற்பட்டியலை முன்கூட்டி அவரிடம் காட்டிவிடாதே.

அன்புடன்,
பெரியப்பா