எவ்வளவு மருந்து போதும்?

மாணவர்களே! பிரசவ வலி மிகக் கடுமையானது என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று தண்டுவட ஊசி. முதுகின் கீழ்ப்பகுதியில், இரு முள்ளெலும்புகளுக்கு இடையே மெல்லிய ஊசியைச் செலுத்தி, நரம்பு வேர்களைச் சூழ்ந்துள்ள மூளைத் தண்டுவடத் திரவத்தில் சிறிதளவு மருந்தைச் சேர்க்கிறார்கள். தண்டுவடம் அந்த இடத்துக்கு மேலேயே முடிந்துவிடுவதால் ஊசி அதைத் தொடுவதில்லை. நரம்புகளுக்குள் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை மருந்து அடைக்கிறது. ஆகவே வலிச் செய்தி மூளையை எட்டுவதில்லை; தாயோ விழித்தபடியே இருக்கிறாள்.

ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியர் 1898-இல் கொக்கெயினைக் கொண்டு அறுவை சிகிச்சைக்காக இம்முறையைத் தொடங்கி வைத்தார். இப்போது பெரிதும் பயன்படுவது பூபிவக்கெயின் என்னும் மருந்து.

இதில் எவ்வளவு கொடுப்பது? குறைந்தால் வலி நீங்காது. மிகுந்தால் கால்கள் வலுவிழக்கும். இரத்த அழுத்தம் தாழும். குழந்தைக்குச் செல்லும் இரத்தமும் குறையக்கூடும். சிசேரியன் அறுவைக்குச் சுமார் 10 மில்லிகிராம் தேவைப்படுகிறது. ஆனால் இயல்பான பிரசவத்தில் தாய் முக்கிக் குழந்தையை வெளியேற்ற வேண்டுமே! அவளுக்கு அதைவிட மிகக் குறைந்த அளவே ஏற்றது.

ஏறி இறங்கும் முறை

பலருக்குப் பல அளவுகளைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் பயனற்ற அளவைப் பெறும் தாய்மார் பலர் வீணாக வலியைத் தாங்க நேரிடும். சிலரைக் கொண்டே விடை காண ஒரு வழி உண்டு. அது பிறந்தது மருத்துவமனையில் அன்று, வெடிமருந்து ஆய்வில்! எந்த உயரத்திலிருந்து எடை விழுந்தால் வெடிமருந்து வெடிக்கும்? வெடித்தால் அடுத்த முறை உயரத்தை ஒரு படி குறைப்பார்கள். வெடிக்காவிட்டால் ஒரு படி கூட்டுவார்கள். இதன் கணக்கை டிக்சன், மூட் என்னும் அமெரிக்கப் புள்ளியியலார் 1948-இல் வெளியிட்டனர்.

உயரத்துக்குப் பதில் மருந்தின் அளவை வைத்துப் பாருங்கள். ஒரு தாய்க்கு வலி தணிந்தால் அடுத்தவருக்கு ஒரு படி குறைவு. தணியாவிட்டால் ஒரு படி கூடுதல். வலி தணியாத தாய்க்கு உடனே வேறு மருந்து கொடுத்துவிடுவார்கள்.

விளக்கத்துக்காக நாம் அமைத்த ஒரு கணக்கு: ஏழு தாய்மார் வரிசையாகப் பெற்றவை 2.50, 2.25, 2.00, 2.25, 2.00, 1.75, 2.00 மில்லிகிராம். மூன்றாமவருக்கும் ஆறாமவருக்கும் மட்டும் வலி தணியவில்லை. தோல்வியிலிருந்து வெற்றிக்கு மாறும் இடங்கள் இரண்டு. அவற்றின் நடுமதிப்புகள் 2.125, 1.875. இவற்றின் சராசரி 2.00. இதுவே பாதிப் பேருக்குப் பலனளிக்கும் அளவின் மதிப்பீடு. உண்மை ஆய்வில் இன்னும் பலரைச் சேர்ப்பார்கள்.

கண்டது என்ன?

பிரிட்டனில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பூபிவக்கெயினைத் தனியே கொடுத்தபோது இந்த அளவு 1.99 மில்லிகிராம் என்று தெரிந்தது. ஃபென்டனில் என்னும் வலிநீக்கி மருந்தில் 5 மைக்ரோகிராம் சேர்த்ததும் அது 0.69 மில்லிகிராமாகக் குறைந்தது! ஃபென்டனிலை 15, 25 மைக்ரோகிராம் என்று கூட்டியும் பூபிவக்கெயின் தேவை மேலும் குறையவில்லை. வலி தணிந்திருக்கும் நேரம் நீண்டது. ஆனால் உடல் அரிப்பும் மிகுந்தது.

ஒன்றை மறவாதீர்கள். பாதிப் பேருக்குப் பலனளிக்கும் அளவு, மருந்துகளை ஒப்பிட உதவும் அளவுகோலே. மற்றப் பாதிப் பேரின் வலி அதில் தீராது. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது பலிக்கும் அளவை நாடி, மருத்துவர் அதைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார்.

இனி ஒரு கேள்வி: மேற்கண்ட கணக்கில் எட்டாவது தாய்க்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? ஏன்?